பாடவேளையும் பயில்வோர் தொகையும்: அமெரிக்க உயர்நிலைப்பள்ளிக் கால அட்டவணை பற்றிய ஓர் ஆய்வு

பாடஞ் சொல்லும் முறையை வகுத்துரைக்கும் நன்னூற் பொதுப்பாயிரம், ஆசிரியன் முதற்கண் நோக்கற்குரியன காலமும் இடமும் என்கின்றது. அதே நூற்பாவில், கற்பவன் கொள்ளும் வகையை அறிந்து அவன் உளங்கொள்ளுமாறு உரைத்தலையும் சேர்த்துக் கூறுகின்றது. காலத்தை நோக்குதலும் கற்பவனை அறிதலும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்பது பவணந்தியார் கருத்தாதல் இதனால் விளங்கும். ஆசிரியன் சில மாணாக்கரைத் தன் முன் இருத்திப் பாடஞ் சொன்ன நாளில், காலத்தை நோக்கும் பொறுப்பு அவனுடையதாகவே இருந்தது. ஆயிரவர் பயிலும் இக்கால உயர்நிலைப்பள்ளியிலோ அப்பொறுப்பு அவன் கையினின்றும் நீங்கிக் கால அட்டவணையைச் சென்றடைந்துள்ளது. மணி அடித்தால் பாடம் தொடங்குகின்றது. மீண்டும் அடித்தால், செய்யுளின் ஈற்றடி எஞ்சி நின்றாலும் பாடம் முடிகின்றது.

இவ்வட்டவணை எவ்வாறு தோன்றியது, எக்கணக்கின்மேல் நிற்கின்றது, அதனை மாற்ற முயன்றோர் கண்ட பயன் யாது என்பவற்றை அமெரிக்க ஐக்கிய நாட்டு உயர்நிலைப்பள்ளிகளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம். அந்நாட்டை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பள்ளிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணையை விதிக்கும் நடுவணரசு ஆணை அங்கு இல்லை. ஆண்டுக்கு இத்தனை நாள் அல்லது இத்தனை மணி நேரம் பள்ளி நடைபெறல் வேண்டும் என மாநிலங்கள் வரையறுக்கும். எஞ்சியவற்றைப் பெரும்பாலும் வட்டாரப் பள்ளிக் குழுக்களே முடிவு செய்யும். ஆதலின், ஒரு நூற்றாண்டுக்குள் பல்வேறு முறைகள் அங்கே செய்து பார்க்கப்பட்டுள்ளன. அம்முறைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாடவேளையின் நீளத்தையே பேசுவர். நீளத்தினும் இன்றியமையாத பிறிதொன்றை அட்டவணை முடிவு செய்கின்றது. ஓர் ஆசிரியன் ஒரே காலத்தில் எத்தனை மாணாக்கரை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பதே அது. மொழியும் இலக்கியமும் கற்பிப்பார்க்கு இவ்வெண்ணே தலையாயது என்பதை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலகின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளிகள் ஒன்றோடொன்று ஒவ்வாத பாடத்திட்டங்களைக் கொண்டிருந்தன. ஒரு பள்ளியில் ஒரு பாடம் ஈராண்டு கற்பிக்கப்படும். வேறொரு பள்ளியில் அதுவே சில திங்களில் முடிந்துவிடும். கல்லூரிகள் இவற்றை ஒப்பிட்டு மாணாக்கரைச் சேர்த்துக்கொள்ள இயலாது இடர்ப்பட்டன. இதனை ஒழுங்கு செய்யத் தேசியக் கல்விச் சங்கம் 1892-இல் பதின்மர் குழு ஒன்றனை அமைத்தது. ஆர்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் அதன் தலைவராக விளங்கினார். இக்குழுவின் அறிக்கை ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்துக்கு இத்தனை வேளை என எண்ணிட்டு அட்டவணை வகுத்தது. வாரத்துக்கு இருபது வேளைக்கு மேற்படலாகாது என்றும், ஆய்வுக்கூடப் பாடங்களுக்கு இயலுமிடத்து இரட்டை வேளை வேண்டும் என்றும் அது கூறிற்று. எல்லாப் பாடமும் ஒரே அளவுள்ள காலத்தில் அடங்கா என்னும் உணர்வு அன்றே இருந்தமை இதனாற் புலனாகும்.

அவ்வுணர்வை அமிழ்த்திய நிகழ்ச்சி அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தது. இதில் வியப்பு யாதெனில், அது பள்ளியைக் கருதி எழுந்ததன்று என்பதே. 1905-இல் ஆண்ட்ரு கார்னகி என்னும் பெருஞ்செல்வர் கல்லூரி ஆசிரியர்க்கு ஓய்வூதியம் வழங்குதற்பொருட்டு ஒரு கோடி டாலர் அளித்தார். அப்பொருளை ஆளுதற்கு அமைந்த கார்னகி அறநிறுவனம், ‘கல்லூரி என்பது யாது?’ என்னும் வினாவுக்கு முதலில் விடை காண வேண்டியதாயிற்று. உயர்நிலைப்பள்ளியில் பதினான்கு அலகுகள் முடித்தாரையே சேர்த்துக்கொள்ளும் நிறுவனம் கல்லூரி எனப்படும் என்று அது வரையறுத்தது. ஓய்வூதியத்தை விரும்பிய கல்லூரிகள் அவ்வரையறையை ஏற்றன; கல்லூரிக்கு மாணாக்கரை அனுப்ப விரும்பிய பள்ளிகளும் ஏற்றன.

அலகு என்பது ஒரு பாடத்தை ஆண்டு முழுவதும், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு வேளை கற்றலாகும். அதன் மொத்த அளவு ஏறத்தாழ 120 மணி நேரம். 120 மணி நேரம் 7,200 நிமிடங்களுக்குச் சமம். பள்ளி ஆண்டு 36 வாரம், அதாவது 180 நாள் எனக் கொண்டு வகுப்பின், நாளொன்றுக்கு 40 நிமிடம் கிடைக்கின்றது. சிறுவர் மனம் நாற்பது நிமிடமே ஒன்றில் நிற்கும் என்னும் உளநூற் கருத்தினால் இக்கணக்கு எழுந்ததன்று. கல்லூரி ஆசிரியர் ஓய்வூதியக் கணக்கின் துணையால் அது நாடெங்கும் நிலைபெற்றது. கற்றலை அளத்தற்கு அன்றி, கற்கச் செலவிட்ட காலத்தை அளத்தற்கே அலகு வகுக்கப்பட்டது. காலத்தை அளக்கும் கோல் நாளடைவில் கல்வியையே அளக்கும் கோலாகக் கருதப்பட்டமைதான் பின்னெழுந்த இடர்ப்பாடுகள் பலவற்றுக்கு வேராயிற்று.

அட்டவணையின் உட்கணக்கு

நாளொன்றுக்கு ஏழு வேளை, வேளை ஒன்றுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் என்னும் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மாணாக்கன் ஏழு பாடங்களை ஏழு ஆசிரியரிடம் பயில்வான். ஒவ்வொரு மணிக்கும் அறை மாறுபவன் மாணாக்கனே. ஆசிரியர் தம் அறையிலேயே இருப்பர். ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கைந்து நிமிடம் நடத்தற்கு ஒதுக்கப்படும். ஆசிரியர் ஏழு வேளைகளில் ஐந்தில் கற்பிப்பர். வகுப்புக்கு முப்பதின்மர் எனின், அவர் அறிய வேண்டிய மாணாக்கர் 150 பேர்.

இவ்வெண் கணித ஆசிரியர்க்கும் சுமைதான். ஆயினும், மொழியாசிரியர்க்கு அது சுமையளவில் நில்லாது தொழிலையே மாற்றிவிடுகின்றது. வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுவித்து, ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் படித்துத் திருத்துவதாகக் கொள்வோம். 150 கட்டுரைகளுக்கு 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம் வேண்டும். இது வகுப்பறை வேலைக்கு அப்பாற்பட்டது. எந்த ஆசிரியராலும் வாரந்தோறும் இதனைச் செய்தல் இயலாது. ஆதலின், கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும். அன்றேல் திருத்தம் பிழைக்கோடு இடுவதோடு நிற்கும். மாணாக்கன் கருத்துத் தொடர்ச்சியை எங்கே இழந்தான் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் இலராவர். பாடநூலும் ஆசிரியரின் புலமையும் குறைவற இருப்பினும், அட்டவணையின் எண் ஒன்றே எழுதும் ஆற்றலை வளரவொட்டாது தடுத்துவிடும்.

இதனை உணர்ந்தோர் அந்நாட்டில் இல்லாமலில்லை. ஆர்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்து விலகிய ஜேம்ஸ் கோனன்ட், பல மாநிலப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து 1959-இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலம் கற்கும் காலத்தில் ஏறத்தாழப் பாதி கட்டுரைப் பயிற்சிக்கு உரியதாதல் வேண்டும் என்றார். மாணாக்கன் வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதல் வேண்டும் என்றும், ஆங்கில ஆசிரியர் ஒருவர்க்கு நூறு மாணாக்கர்க்கு மேல் இருத்தலாகாது என்றும் அவர் பரிந்துரைத்தார். நூற்றுவர் எனின் மேற்கூறிய கணக்கின்படி ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும், அரிதாயினும் செய்யத்தக்கது. கால் நூற்றாண்டு கழித்து, 1984-இல், தியடோர் சைசர் ‘ஹோரசின் சமரசம்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். அதில் வரும் ஹோரஸ் என்பவர் பலரைக் கண்டு வடித்த கற்பனை மாந்தர். அவரும் ஆங்கில ஆசிரியரே. ஐந்து வகுப்புகளில் 120 மாணாக்கரை உடைய அவர், கடமையை உணர்ந்தும் அதனை முழுதுஞ் செய்ய இயலாது, ஒவ்வொரு கட்டுரைக்கும் சில நிமிடமே ஒதுக்கித் தம் மனச்சான்றோடு உடன்படிக்கை செய்துகொள்கின்றார். ஆசிரியர்க்கு எண்பதின்மர்க்கு மேற்படலாகாது என்பதைச் சைசர் தோற்றுவித்த பள்ளிக் கூட்டமைப்பு ஒரு கொள்கையாகவே வைத்தது.

கூறுகளைக் கலைத்த முயற்சிகள்

அட்டவணையை மாற்ற முயன்றவை பல. அவற்றுள் முற்பட்டதாகிய கேரி முறை, கட்டடத்தை நோக்காகக் கொண்டது. இண்டியானா மாநிலத்தில் 1906-இல் எஃகுத் தொழிலுக்கென எழுந்த கேரி நகரில், வில்லியம் வர்ட் என்பார் மாணாக்கரை இரு அணியாகப் பிரித்தார். ஓர் அணி வகுப்பறையில் இருக்கும்பொழுது மற்றது பட்டறையிலும் விளையாட்டுத் திடலிலும் பேரவைக் கூடத்திலும் இருக்கும். பின்னர் இரண்டும் இடம் மாறும். ஒரு கட்டடம் இருமடங்கு மாணாக்கர்க்கு இடந்தந்தது. நியூயார்க்கு நகரம் இதனை மேற்கொள்ள முயன்றபொழுது, இது ஏழை மக்களின் பிள்ளைகளைத் தொழிற்கூடத்துக்கு ஆயத்தம் செய்யும் சூழ்ச்சி என்னும் எதிர்ப்பு எழுந்தது. 1917-இல் மாணாக்கர் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு நகரத் தலைவர் தேர்தலில் அம்முறையை ஆதரித்தவர் தோற்றார்; முறையும் கைவிடப்பட்டது. கால அட்டவணை பொதுமக்கள் வாழ்வைத் தொடும் செய்தி என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இரண்டாம் முயற்சி 1959-இல் லாயிட் டிரம்ப் என்பார் வெளியிட்ட திட்டத்தினின்றும் வளர்ந்தது. நாளைப் பதினைந்து அல்லது இருபது நிமிடச் சிறு கூறுகளாகப் பகுத்து, பாடத்தின் இயல்புக்கேற்ப இரண்டு, மூன்று, நான்கு கூறுகளை இணைத்துக்கொள்ளலாம் என்பது இதன் அடிப்படை. மாணாக்கர் காலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு பேரவைச் சொற்பொழிவு, இருபது பங்கு பதினைவர்க்கு மேற்படாத சிறு குழு உரையாடல், நாற்பது பங்கு தனிப்பயிற்சி என அவர் வகுத்தார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புஷ், டுவைட் ஆலன் முதலியோர் இக்கருத்தை வளர்த்தனர். கையால் வரைய இயலாத இவ்வட்டவணைகளை அங்குக் கணிப்பொறி கொண்டு வரைந்தனர்.

இம்முறையில் ஆசிரியன் பதினைவரோடு அமர்ந்து உரையாடும் வேளை உண்டு. கற்பவனை அறிதற்கு இதனினும் சிறந்த வாய்ப்பு வேறு எம்முறையிலும் இல்லை. எனினும் 1970-களில் பள்ளிகள் பல இதனைக் கைவிட்டன. தனிப்பயிற்சிக்கு விடப்பட்ட காலத்தைத் தம் பொறுப்பில் ஆளும் பயிற்சி மாணாக்கர் பலர்க்கு இல்லை. அவரை ஏற்கும் அளவுக்கு நூலகங்களில் இடமும் இல்லை. நடையிற் சுற்றித் திரியும் பிள்ளைகளைக் கண்ட பெற்றோர் குறை கூறினர். அட்டவணையை நெகிழ்த்தற்கு முன் மாணாக்கனைப் பழக்குதல் வேண்டும் என்னும் பாடத்தை இது விட்டுச் சென்றது.

நீள்பாடவேளை

1983-இல் வெளிவந்த ‘இடருறும் நாடு’ எனப் பொருள்படும் அரசு அறிக்கை, நான்காண்டு ஆங்கிலமும் மும்மூன்று ஆண்டுக் கணிதமும் அறிவியலும் சமூகவியலும் வேண்டும் என வலியுறுத்திற்று. கட்டாயப் பாடங்கள் மிகவே, ஆறேழு வேளை அட்டவணையில் இசைக்கும் ஓவியத்துக்கும் பிறமொழிக்கும் இடமில்லாது போயிற்று. 1994-இல் ‘காலத்தின் கைதிகள்’ எனப் பொருள்படும் தலைப்போடு வந்த தேசிய ஆணையத்தின் அறிக்கையோ, காலம் மாறாது நிற்பக் கற்றல் அதற்கேற்பக் குறுகுகின்றது என்று சுட்டி, இம்முறையைத் தலைகீழாக்க வேண்டும் என்றது. இச்சூழலில் நீள்பாடவேளை பரவியது. இதில் வேளை ஒன்றுக்கு ஏறத்தாழ 90 நிமிடம். நாளொன்றுக்கு நான்கு வேளை. இதன் வகை இரண்டு.

முதல்வகை ஒன்றுவிட்ட நாள் முறை. மாணாக்கன் எட்டுப் பாடங்களை ஆண்டு முழுவதும் பயில்வான். இன்று நான்கு, நாளை மற்றை நான்கு. ஒரு வாரத்தில் ஒரு பாடம் மும்முறை வரும். அடுத்த வாரத்தில் இருமுறை வரும். இரண்டாம் வகை நான்குக்கு நான்கு முறை. நாள்தோறும் அதே நான்கு பாடங்கள். அரையாண்டில் அவை முடிந்துவிடும். அடுத்த அரையாண்டில் வேறு நான்கு தொடங்கும்.

இவ்விரண்டிலும் ஒரு பாடத்துக்குக் கிடைப்பது 90 நாள், நாளுக்கு 90 நிமிடம்; அதாவது 135 மணி நேரம். ஏழு வேளை அட்டவணையிலோ 180 நாள், நாளுக்கு 50 நிமிடம் எனின் 150 மணி நேரம் கிடைக்கும். வேளை நீண்டதாகத் தோன்றினும் பாடத்தின் மொத்தக் காலம் 15 மணி நேரம் சுருங்குகின்றது. ஆனால் மாணாக்கன் பயிலும் பாடங்கள் ஏழிலிருந்து எட்டாகின்றன. வேளை நீண்டது, காலம் மிகுந்தது என்று கொள்வார் இவ்வேறுபாட்டை நோக்குதல் வேண்டும்.

இனி, நம் ஆய்வுக்கு உயிராய எண்ணுக்கு வருவோம். ஒன்றுவிட்ட நாள் முறையில் ஆசிரியர் நாளுக்கு மூன்று வகுப்பாக ஆறு வகுப்புகளை ஆண்டு முழுவதும் கற்பிப்பர். வகுப்புக்கு முப்பதின்மர் எனின் 180 பேர். நான்குக்கு நான்கு முறையில் ஒரு காலத்தில் மூன்றே வகுப்பு; 90 பேர். வேளையின் நீளம் இரண்டிலும் ஒன்றே. ஆயினும், ஒன்று ஆசிரியர் சுமையைப் பழைய 150-இலிருந்து 180-ஆக உயர்த்துகின்றது. மற்றது கோனன்ட் கூறிய நூற்றுக்கும் கீழாகத் தாழ்த்துகின்றது. வாரத்துக்கு ஒரு கட்டுரை என்பது முதல்வகையில் 30 மணி நேர வேலை. இரண்டாவதில் 15 மணி நேர வேலை. நீளத்தை மட்டும் பேசுவார்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

அங்ஙனமாயின் நான்குக்கு நான்கு முறையே சிறந்தது எனக் கொள்ளலாமோ எனின், அதுவும் முற்றும் பொருந்தாது. அதன் குறை தொடர்ச்சியில் உள்ளது. ஒன்பதாம் வகுப்பின் முதல் அரையாண்டில் பிரெஞ்சு மொழியின் முதற்பாடம் முடித்த மாணாக்கன், இரண்டாம் பாடத்தைப் பத்தாம் வகுப்பின் பிற்பாதியிற் பெறுவானாயின் இடையே ஓராண்டு கழிந்துவிடும். மொழி நாவிலும் செவியிலும் வாழ்வது. ஓராண்டு வாளா கிடந்தால் தேய்ந்துபோகும். கல்லூரி மதிப்புடைய உயர்நிலைத் தேர்வுகள் மே மாதத்தில் நடைபெறுகின்றன. முதற்பாதியில் பயின்றவன் பாடம் முடிந்து பல திங்கள் கழித்துத் தேர்வெழுதுவான். பிற்பாதியில் பயில்பவன் பாடம் முடியுமுன்னரே எழுதுவான். ஒருநாள் வாராதவன் இருநாட் பாடத்தை இழப்பான். ஆசிரியன் தொண்ணூற்றுவரை நன்கு அறிந்துகொள்ளும் வேளையில் அவர் பிரிந்து, வேறு தொண்ணூற்றுவர் வருவர்.

90 நிமிடத்தைப் பயன்படுத்தும் முறையும் கருதத்தக்கது. முன்னர் ஐம்பது நிமிடம் உரையாற்றியவர் இப்பொழுது தொண்ணூறு நிமிடம் உரையாற்றுவாராயின், அட்டவணை மாறியதேயன்றிக் கற்பித்தல் மாறவில்லை. படித்தல், உரையாடல், எழுதுதல், எழுதியதைத் திருத்தி மீள எழுதுதல் என வேளையைப் பகுப்பார்க்கே அது பயன் தரும். நீள்பாடவேளையால் பள்ளியில் அமைதியும் மாணாக்கர் மதிப்பெண்ணும் உயர்ந்தன என்று கண்ட ஆய்வுகள் உள. பொதுத்தேர்வுகளைக் கொண்டு அளந்தவை ஒரு நெறிப்பட்ட முடிவைத் தரவில்லை. கல்லூரி அறிவியல் மாணாக்கரை ஆராய்ந்து 2006-இல் வெளிவந்த ஆய்வொன்றும், நீள்பாடவேளையில் பயின்றார்க்குத் தனி மேம்பாடு காணவில்லை. நீளம் தானாக எதனையும் செய்வதன்று என்பதே இவற்றின் பொருளாகும்.

பள்ளி வாரமும் பள்ளிக் காலையும்

வாரத்தின் அமைப்பிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. 1970-களின் எரிபொருள் நெருக்கடியில் நியூ மெக்சிகோ, கொலராடோ முதலிய மாநிலங்களின் சிற்றூர்ப் பள்ளிகள் சில வாரத்துக்கு நான்கு நாளே நடைபெறத் தொடங்கின. 2008-ஆம் ஆண்டுப் பொருளாதாரச் சரிவுக்குப் பின் இது விரைந்து பரவியது. 2018-19-இல் 24 மாநிலங்களில் 1,600-க்கு மேற்பட்ட பள்ளிகள் இம்முறையில் இருந்தன. எஞ்சிய நான்கு நாளையும் நீட்டி மணிக் கணக்கைச் சரிசெய்துகொள்கின்றனர். பேருந்து, உணவுக்கூடம், வெப்பமூட்டல் ஆகியவற்றில் ஒருநாட் செலவு மிஞ்சும். ஆயினும், செலவின் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியமாதலின் மிச்சம் சிறிதே. ரேண்ட் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரும் மாணாக்கரும் இம்முறையைப் பெரிதும் விரும்புவதையும், காலப்போக்கில் மாணாக்கரின் கல்வி முன்னேற்றம் ஐந்துநாட் பள்ளிகளைவிடத் தளர்வதையும் ஒருங்கே கண்டது.

காலைத் தொடக்கமும் இத்தகையதே. ஒரே பேருந்து அணி தொடக்கப்பள்ளி, நடுநிலைப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி என மும்முறை ஓடுதற்பொருட்டு, உயர்நிலை மாணாக்கரைப் பல வட்டாரங்கள் விடியலிலேயே வரவழைத்தன. பருவமெய்தும் வயதினர்க்கு உறக்கம் பிந்தித் தொடங்குவது உடலியற்கை. 1997-இல் மினியாபொலிஸ் நகரம் தொடக்க நேரத்தைக் காலை 7.15-இலிருந்து 8.40-க்கு மாற்றியது. 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 8.30-க்கு முன் தொடங்கலாகாது எனப் பரிந்துரைத்தது. கலிபோர்னியா மாநிலம் 2019-இல் அதனைச் சட்டமாக்க, உயர்நிலைப்பள்ளிகளில் அது 2022-இல் நடைமுறைக்கு வந்தது. சிற்றூர்ப் பகுதிகட்கு விலக்கு உண்டு. எரிபொருளும் பேருந்தும் பாடத்துக்கு முன்னின்று அட்டவணையை வகுத்தமையை இவ்விரு செய்திகளும் காட்டுகின்றன.

முடிபு

இதுகாறும் கண்டவற்றால், அட்டவணை வகுப்போர் முதலில் வினவற்பாலது, ‘வேளை எத்தனை நிமிடம்?’ என்பதன்று எனத் துணியலாம். ஆசிரியன் ஒரே காலத்தில் எத்தனை பேரை அறிதல் வேண்டும் என்பது முதல் வினா. அவரை எத்துணைக் காலம் தொடர்ந்து அறிவான் என்பது இரண்டாம் வினா. வேளையின் நீளம் மூன்றாவதே. வரிசை தலைகீழாக நிற்குமிடத்து, அழகிய அட்டவணை அமையும்; மாணாக்கன் எழுதிய கட்டுரையோ படிக்கப்படாது கிடக்கும். முதல் எண்ணைக் குறைத்தற்கு மிகுதியான ஆசிரியரும் மிகுதியான பொருளும் வேண்டும். மணியின் நேரத்தை மாற்றுதல் செலவற்றது. அதனாலேயே சீர்திருத்தம் பெரும்பாலும் மணியோடு நின்றுவிடுகின்றது.

கார்னகி அலகும் எளிதில் நீங்குவதன்று. ஆசிரியர் பணியளவும் பள்ளி நிதியும் கல்லூரி நுழைவும் அதன்மேற் கட்டப்பட்டுள்ளன. 2015-இல் அந்நிறுவனமே அலகை ஆராய்ந்து, அதன் குறைகளை ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடான பொதுவளவை இன்னும் அமையவில்லை என்னும் நிலையில் நின்றது. 2023-இல், காலத்துக்கு மாறாகத் திறனை அளக்கும் கருவிகளை ஆக்கும் பணியில் பிறிதொரு தேர்வு நிறுவனத்தோடு சேர்ந்து இறங்கியது. அளவுகோல் மாறினும், மாணாக்கன் எழுதியதை ஒருவர் அமர்ந்து படித்தே ஆக வேண்டும். காலத்தை நோக்குதலையும் கொள்வோனை அறிதலையும் ஒரே நூற்பாவில் வைத்த இலக்கண ஆசிரியர், அவ்விரண்டையும் பிரித்தல் ஆகாது என்பதை நன்கு உணர்ந்திருந்தார். அவற்றைப் பிரியாது காக்கும் அட்டவணையே, எந்நாட்டதாயினும், நல்ல அட்டவணை எனப்படும்.